ஏழு எழுத்து இடத்தில் பத்து

மூன்று உயிர்களின் விலை மூன்று லட்சம் ரூபாய் என்று படிந்திருந்தது. தலைக்கு ஒரு லட்சம். பட்டாசுக் கம்பெனித் தரப்பு எழுபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்தது, ஊர்த் தரப்பு ஒன்றரை லட்சத்தில் நின்றது, தாயில்பட்டி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் காபி ஆறுவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. விருதுநகரில் மல்லி மூட்டைக்கு விலை பேசுகிறவன்கூட விரல்களுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு பேசுவான். இங்கே அந்தத் துண்டும் இல்லை.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. வெடி விபத்துக்குக் கம்பெனி காரணமல்ல, மருந்து கலக்கும் அறைக்கு வெளியே மாட்டியிருந்த எலெக்ட்ரானிக் போர்டுதான் காரணம் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். எதிரே பணக்கட்டு இருக்கும்போது பேனா கனமாக இருப்பதில்லை.

அந்தப் போர்டைச் செய்தவள் மறுநாள் காலையில் சோலைமலையின் மாடிப்படியில் ஏறி வந்தாள். பெயர் பானுப்பிரியா. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு விருதுநகரில் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவள்.

சோலைமலை பல வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். தீப்பிடித்த குடோனுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு, அது தானாக எரிந்ததா, நஷ்டக் கணக்கை மூட எரித்ததா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கு பல பெரிய மனிதர்களுக்கு ஒத்துவராமல் போனதால் இப்போது தனியாகத் தொழில் பார்க்கிறார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்துக் கோபப்பட அழகுமீனா இருந்தாள். விருதுநகர் கோர்ட்டில் இளம் வக்கீல். கோபத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைபவள்.

"நாளான்னைக்கு விசாரணை, அண்ணாச்சி," என்றாள் பானுப்பிரியா. "என் போர்டுதான் தப்புன்னு முடிஞ்சா அன்னைக்கே என்னை உள்ள வச்சிருவாக."

"போர்டு தப்பா?"

"இல்லை."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. அதான் தூக்கம் வரமாட்டேங்கு. ஜெயிலுக்குப் பயமில்லை. நான் செஞ்ச சாமானாலதான் மூணு பேர் செத்தாகளான்னு எனக்குத் தெரியணும்."

"சரி. எனக்கு வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சுச் சொல்லு. போர்டு என்ன செய்யும்?"

கலவை அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அது அளக்கும். அளந்ததற்கு ஏற்ப ஒரு சின்னத் திரையில் ஒரு சொல்லைக் காட்டும். அந்தத் திரைக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும் என்பதால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தாள். மூன்றே சொற்கள். வெப்பம் அளவாக இருந்தால் KALAKKALAM. மிஞ்சினால் NIRUTHU. ஈரம் ஏறினால் MAZHAI, அதாவது அலுமினியப் பொடியை மூடி வை என்று அர்த்தம்.

"அந்தச் சொல் எங்க இருக்கும்?"

"சில்லுக்குள்ள, சிப்புன்னு சொல்லுவாகல்ல, அதுக்குள்ள. அசெம்பிளி மொழியில டி.பி.ன்னு ஒரு கட்டளை இருக்கு, அண்ணாச்சி. டி.பி. போட்டு, பக்கத்துல மேற்கோள் குறிக்குள்ள சொல்லை எழுதினா, அதோட எழுத்தெல்லாம் மெமரியில வரிசையாப் போய் உக்காந்துக்கிடும். ஓர் அறைக்கு ஓர் எழுத்து. சொல்லு முடிஞ்சதும் அடுத்த அறையில ஒரு பூஜ்யம் வைப்பேன். திரை ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுக்கிட்டே போகும், பூஜ்யத்தைப் பார்த்ததும் நின்னுரும்."

"பூஜ்யம் இல்லாட்டி?"

"நிக்கத் தெரியாது. அடுத்த அறையில என்ன இருக்கோ அதையும் சேர்த்துப் படிச்சுக்கிட்டே போகும்."

சோலைமலை ஒரு தாளை நீட்டினார். அவள் கட்டம் கட்டமாக வரைந்து, மூன்று சொற்களையும் மெமரியில் இருந்த வரிசையிலேயே எழுதினாள். முதலில் KALAKKALAM, ஒரு பூஜ்யம். அடுத்து NIRUTHU, ஒரு பூஜ்யம். கடைசியில் MAZHAI, ஒரு பூஜ்யம்.

"இந்தப் புரோகிராம் உன் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? காட்ட வேண்டியதுதானே," என்றாள் அழகுமீனா.

"காட்டினேன்க்கா. விபத்துக்கு அப்புறம் திருத்தி வச்சிருக்கேங்காக. போர்டு கிடைச்சிருச்சு, ஆனா சில்லு இல்லை. வெடிச்சதுல தெறிச்சிருச்சாம். முதலாளியோட தங்கச்சி மகன் செல்வக்குமார்னு ஒருத்தன், சிவகாசியில கம்ப்யூட்டர் கடை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஓடுற லைட்டு போர்டு செய்வான், அதுக்காகச் சில்லுல எழுதுற மெஷினும் வச்சிருக்கான். அவன்தான் என் புரோகிராம் தப்புன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கான்."

"முதலாளி உன் போர்டை விரும்பித்தான் வாங்கினாரா?" என்றார் சோலைமலை.

"எங்க? போர்டு வச்சாத்தான் லைசென்ஸ் புதுப்பிப்போம்னு அதிகாரிக சொல்லிட்டாக. மத்தியானம் ஆனா போர்டு நிறுத்துன்னு காட்டும், சனங்க எந்திரிச்சு வேப்பமரத்துக்குப் போயிருவாக. அதைப் பார்த்து அவருக்கு வயித்தெரிச்சல். சீசன் லோடு நிக்குது, ஒரு டப்பா எனக்கு உத்தரவு போடுதாம்பாரு."

அன்று மதியமே மதுரைக்குப் போனார்கள். தீக்காயப் பிரிவில் மாரிக்கண்ணன் படுத்திருந்தான். இரண்டு கைகளிலும் தோள் வரை கட்டுப் போட்டிருந்தார்கள். செத்துப்போன சோலையம்மாள் அவன் மனைவி. முருகம்மாளும் பெத்தணனும் அவளோடு அதே அறையில் வேலை செய்தவர்கள். போலீஸ் எடுத்த வாக்குமூலத்தின் அடியில், சாட்சி நினைவு பிசகிப் பேசுகிறார் என்று ஒரு வரி இருந்தது.

"எதனால அப்படி எழுதினாக?" என்று கேட்டார் சோலைமலை.

"போர்டுல கலக்கலா மளைன்னு போட்டுச்சுன்னு சொன்னேன்யா. எளுதினவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. வெயிலு மண்டையப் பொளக்குது, இவன் மளைங்கானேன்னு."

"நீ உள்ள இருந்தியா?"

"இல்லய்யா, குடிதண்ணி கொண்டு போனேன். அந்நேரத்துக்கு நிறுத்துன்னு வரணும். வரலை. கலக்கலாமும் இல்லாம மளையும் இல்லாம ரெண்டையும் ஒட்டிப் போட்டிருக்கு. அதுலயும் ஓர் எளுத்து கொறையுது. நான் பத்தாப்பு வரைக்கும் படிச்சவன். எம்முக்கு அடுத்தாப்புல ஏ வரணும்ல? வரலை. நேரா இசட்டு." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சன்னல்ல நின்னு, ஏபுள்ள, இன்னைக்குக் கலக்கலா மளை பெய்யுமாம், போர்டு சொல்லுதுன்னேன். அவ சிரிச்சா. திரும்பி நாலு எட்டு வச்சிருப்பேன்."

வராந்தாவுக்கு வந்ததும் அழகுமீனா சுவரில் கைப்பையை ஓங்கி அடித்தாள். "பைத்தியம்னு எழுதியிருக்கானுக, அண்ணாச்சி! பொண்டாட்டியப் பறிகுடுத்தவன் கண்ணால பார்த்ததை எழுத்துக்கூட்டிச் சொல்லுதான், அதைப் பைத்தியம்னு எழுதிட்டுப் போயிருக்கானுக!"

சோலைமலை கட்டம் போட்ட தாளை எடுத்து, பென்சிலால் எதையோ எழுதிப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி. அவன் சொன்னது ஓர் எழுத்து பிசகாம உண்மை. நாளைக்குத் தாயில்பட்டி."

கம்பெனியில் போர்மேன் வேலுச்சாமி காத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குனிந்தே நின்று பழகியவர். கலவை அறை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சுவர்களில் இரண்டு போய்விட்டன. பக்கத்து அறைக் கதவில் நான்கு பேர் மட்டும் என்று எழுதியிருந்தது, உள்ளே உட்கார எட்டுப் பலகைகள் கிடந்தன. போர்டின் பெட்டியை ஓர் ஓரமாகச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். மூடி நசுங்கியிருந்தாலும் நான்கு மூலைத் திருகாணிகளும் அப்படியே இருந்தன. சோலைமலை அவற்றை விரலால் தடவினார். இரண்டு மஞ்சளாக மின்னின. மற்ற இரண்டும் கறுப்பு.

"வேலுச்சாமி அண்ணே, இதைப் பாருங்க. இது என்னது?"

போர்மேன் முகம் மாறியது. "இரும்பு."

"இரும்புன்னா என்ன?"

"மருந்து ரூம் பக்கம் இரும்பே வரக்கூடாதுய்யா. ஒரு உரசல் போதும். அள்ளுற கரண்டிகூட மரம்தான். அந்தப் பிள்ளை போர்டு மாட்ட வந்தப்ப நான்தான் நாலும் பித்தளையில வேணும்னு கேட்டு வாங்கினேன். என் ஆளுக யாரும் இந்த வேலையைச் செய்யமாட்டாக. செத்தாலும் செய்யமாட்டாக."

சொல்லிவிட்டு, சொன்ன சொல்லைத் திரும்பப் பிடிக்க முடியாதவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"போர்டு எப்பவாவது உளறிச்சா?"

"உளறல்னு இல்ல. சித்திரைப் பொங்கலுக்கு முன்னாடி ஒரு கோடை மளை பேஞ்சுது. அப்ப ஒளுங்கா எம்முல ஆரம்பிச்சு மளைன்னு காட்டுச்சு. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தோம். ரெண்டு நாள் வானம் மூடாக்கு, நடுவுல ஒரு தூறல். அப்ப ஏ, எம்மு, இசட்டுன்னு தலைகீளாக் காட்டுது. போர்டுக்குப் பல்லு ஆடுதுன்னு முருகம்மாதான் சொல்லிச் சிரிச்சா. மூணாம் நாள்தான் வெயிலு. அன்னைக்குத்தான்..."

"லீவுல இந்தப் பக்கத்துச் சாவி யார்கிட்ட?"

"முதலாளி இடுப்புல. வேற யாரும் தொட முடியாது."

மறுநாள் கம்பெனி ஆபீசிலேயே விசாரணை. சுவர் முழுக்கக் காலண்டர் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். முதலாளி தங்கப்பாண்டியன் வெள்ளை வேட்டியில் விபூதி மணக்க இருந்தார். பக்கத்தில் அவர் தங்கை மகன் செல்வக்குமார், சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு. எதிரில் பானுப்பிரியாவும் அழகுமீனாவும். கதவோரம் வேலுச்சாமி.

"எதுக்கு இம்புட்டு நேரம்?" என்றார் தங்கப்பாண்டியன். "சனங்களே எழுதிக் குடுத்துட்டாக. இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியலை. நான் ஏழை பாழைன்னு ஆர்டர் குடுத்தது என் தப்பு."

"ஒரே ஒரு சந்தேகம், முதலாளி," என்றார் சோலைமலை. "போர்டை மாட்டின பிறகு யாராவது திறந்தாகளா?"

"யாரும் தொடலை. மாட்டின அன்னைக்கு இருந்தபடிதான் கடைசி வரைக்கும் இருந்துச்சு."

சோலைமலை பானுப்பிரியாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கொண்டுவந்திருந்த இன்னொரு போர்டைச் சுவிட்சில் மாட்டினாள். அதிகாரி முன்னால், வெந்நீர் அடைத்த ஒரு பாட்டிலை, வெப்பமும் ஈரமும் அளக்கும் அதன் அளவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். சின்னத் திரை ஒரு முறை துடித்துவிட்டு எழுத்துகளைக் காட்டியது.

KALAKKALAMZHAI.

வேலுச்சாமி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். ஈரத் துணியை அளவியில் வைத்ததும் திரை மாறியது.

AMZHAI.

"இதேதான்யா!" என்றார் அவர். "இதேதான் காட்டுச்சு!"

"மாரிக்கண்ணனுக்கு நினைவு பிசகலை," என்றார் சோலைமலை. "அவன் பார்த்தது இந்த எழுத்துகளை. இதை எப்படி வர வச்சோம்னு சொல்லுதேன். இந்தச் சில்லுல நாங்க ஒரே ஒரு காரியம்தான் செஞ்சோம். NIRUTHU இருந்த அறைகள்ல, அது மேலயே KALAKKALAM-னு எழுதினோம். நிறுத்துக்கு ஏழு எழுத்து. கலக்கலாமுக்குப் பத்து. ஏழு அறையில பத்துப் பேரை அடைச்சா என்ன ஆகும்? மூணு பேர் அடுத்தவன் இடத்துல போய் உக்காருவாக. ஒருத்தன் பூஜ்யத்து மேல உக்காந்தான். ரெண்டு பேர் பக்கத்துச் சொல்லோட M மேலயும் A மேலயும் உக்காந்தாக. நிக்கச் சொல்ல பூஜ்யம் இல்லை. திரை நிக்காமப் படிச்சு, மழையில மிச்சமிருந்த ZHAI-யையும் சேர்த்துக்கிட்டுது. மழை வந்தா, தலை மாறிப்போன மழை வருது."

"அது அவ செஞ்ச தப்பாவும் இருக்கலாம்லா?" என்றான் செல்வக்குமார். "பூஜ்யம் போட மறந்திருப்பா."

"நல்ல கேள்வி, தம்பி. நிறுத்து இருக்க வேண்டிய இடத்துல அவளே கலக்கலாம்னு எழுதி, பூஜ்யத்தையும் மறந்திருந்தா என்ன வந்திருக்கும்? சொல்லுக்குப் பின்னால முழு மழையும் வந்திருக்கும். KALAKKALAMMAZHAI. அந்த MA எங்க போச்சு? டி.பி. கட்டளையில எழுதுறவுக எம்புட்டு நீளமா எழுதினாலும், அடுத்த சொல்லு தானா நகர்ந்து இடம் குடுத்துரும். பக்கத்துச் சொல்லோட தலை உடையவே உடையாது. மூலப் புரோகிராம் கையில இல்லாதவன், சில்லைக் கழட்டி, மெஷின்ல மாட்டி, உள்ள இருக்கிற எழுத்து மேலயே எழுத்தை அடிச்சாத்தான் உடையும். பானுவுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. அவகிட்ட மூலம் இருக்கு."

சோலைமலை அதிகாரி பக்கம் திரும்பினார்.

"எப்பச் செஞ்சாக? பொங்கலுக்கு முந்தின மழையில சொல்லு சரியா இருந்துச்சு. பிந்தின தூறல்ல உடைஞ்சிருந்துச்சு. அப்ப நடுவுல லீவு நாள்தான். சாவி யார்கிட்டன்னு போர்மேன் சொல்லுவாரு. செஞ்சது யாரு? மூடியில ரெண்டு இரும்புத் திருகாணி. தாயில்பட்டியில ஒரு கிறுக்கன்கூட மருந்து ரூம்ல இரும்பை வைக்கமாட்டான். பித்தளையைத் தொலைச்சிட்டு, கடையிலேருந்து கொண்டுவந்த டப்பாவுல கிடைச்சதைப் போட்டவன் வெளியாளு. சில்லுல எழுதுற மெஷின் உள்ளவன். அப்படி எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரு. ஒருத்தி பானு. அவ மாட்டினது நாலும் பித்தளை."

எல்லோரும் செல்வக்குமாரைப் பார்த்தார்கள். அவன் தங்கப்பாண்டியனைப் பார்த்தான்.

அழகுமீனாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தாள். "இவன் திட்டம் போட்டுக் கொலை செஞ்சிருக்கான், சார்! போர்டு நிக்கவே கூடாது, சனங்க குழம்பிச் சாகணும்னு வேணும்னே அந்தப் பூஜ்யத்தை அழிச்சிருக்கான்!"

"வேணும்னு அழிக்கலை!" என்று கத்தினான் செல்வக்குமார். "அங்க பூஜ்யம் இருந்ததே எனக்குத் தெரியாது! நிறுத்துன்னு வரக்கூடாது, எப்பவும் கலக்கலாம்னே வரணும்னு மாமாதான்..."

"ஏலே!" என்றார் தங்கப்பாண்டியன்.

அந்த ஒரு சொல்லில் ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் அடங்கியிருந்தது. அதிகாரியின் பேனா ஓடியது. செல்வக்குமார் உடைந்துபோய், பொங்கலன்று மாமாவின் காரில் வந்ததையும், விபத்தன்று சாயங்காலம் சில்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

தங்கப்பாண்டியன் கடைசியாக ஒரு வியாபாரம் செய்து பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களும் பஜார்ல வளர்ந்தவுக. ஒரு சீசன் போனா கம்பெனி போச்சு. தினம் மத்தியானம் வேலை நின்னா எப்படி? நான் யாரையும் சாகச் சொல்லலை. ஒரு வார்த்தையைத்தான் மாத்தச் சொன்னேன்."

சோலைமலை முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். காலண்டர் குழந்தைகள்கூடத் திடுக்கிட்டிருக்கும்.

"நாலு பேர் ரூம்ல எட்டுப் பேரை வச்சு வேலை வாங்கிப் பழகின கை, முதலாளி. அதான் ஏழு எழுத்து ரூம்லயும் பத்தை அடைக்கச் சொல்லிட்டீக. மனுசனுக்கு இடம் இருக்கான்னு பார்க்காதவுக எழுத்துக்கு இடம் இருக்கான்னா பார்க்கப் போறீக? இந்தக் கம்பெனியில நிறுத்துன்னு சொல்ல ஒரே ஒரு வாய்தான் இருந்துச்சு. அதையும் அடைச்சிட்டு, அதைச் செஞ்ச பிள்ளை தலையிலயே பழியையும் போட்டீக. ஒரு லட்சம்னு விலை வேற!"

வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பானுப்பிரியா வேப்பமரத்தடியில் நின்றாள். அழவில்லை. "என் சாமான் சாகடிக்கலை," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"அது கடைசி வரைக்கும் கத்தப் பார்த்திருக்கு தாயி," என்றார் சோலைமலை. "அரைகுறையா மழைன்னாவது சொல்லிச்சு. கேட்கத்தான் ஆள் இல்லை."

"கணக்கு தீர்ந்துச்சா, அண்ணாச்சி?" என்றாள் அழகுமீனா. அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை. "மாமனும் மருமகனும் உள்ள போயிருவானுக. பானு தப்பிச்சுட்டா. தீர்ந்துச்சா?"

அவர் கட்டம் போட்ட தாளை விரித்தார். ஏழு கட்டங்களுக்கு மேல் பென்சிலில் எழுதிய பத்து எழுத்துகள். முதல் ஏழு எழுத்துகளையும் கோடு போட்டு அடித்தார். கடைசியில் இடமில்லாமல் வெளியே வழிந்து நின்றவை L, A, M. பென்சிலை அழகுமீனாவிடம் நீட்டினார்.

அவளுக்குப் புரிந்தது. ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் ஒரு பெயரை எழுதினாள்.

சோலையம்மாள். முருகம்மாள். பெத்தணன்.

பத்தில் ஏழு போனால் மூன்று. பற்று மூன்று. வரவு இல்லை.